குணவதியின் பதினொரு பேர் ஆட்டம்

குணவதிக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். அவள் அதற்கு வைத்திருந்த பெயர் ஒழுங்கு. ஒருத்தி நன்றாகப் பாடினால், "பாட்டு நல்லம், தாளம்தான் கொஞ்சம் முந்தி ஓடுது" என்பாள். ஒருத்தி நன்றாகச் சமைத்தால், "ருசிதான், ஆனா கத்தரிக்காய்த் துண்டு ஒண்டும் ஒரே அளவில்லை" என்பாள். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள். ஒக்லாந்து நகரின் ஒனிஹங்காப் பகுதியில் அவளைத் தெரிந்த தமிழ்க் குடும்பம் அத்தனைக்கும் அவளிடம் கொஞ்சம் பயம், கொஞ்சம் மரியாதை. அன்பு இருந்ததா என்று கேட்டால், அந்தக் கதையை விடுங்கள்.

கோப்பாயில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பன்னிரண்டு வருஷம் கணக்குப் படிப்பித்தவள். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தில் கணவர் இரத்தினசிங்கத்தோடு ஒக்லாந்துக்கு வந்தாள். அவருக்கு வடிகால் குழாய்களுக்குப் படம் வரைகிற உத்தியோகம் காத்திருந்தது. அவளுக்கு ஒன்றும் காத்திருக்கவில்லை. இங்கே படிப்பிக்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருஷம் படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்றார்கள். "பரீட்சை வைச்சவளுக்கே பரீட்சையோ!" என்று கொதித்துப்போய், அந்தக் கோபத்திலேயே ஒரு உடுப்புத் தொழிற்சாலைக்குப் பட்டன் தைக்கப் போனாள். கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. வேலை பத்து வருஷம் நீண்டது.

பக்கத்து வீட்டு மேவிஸ்தான் அவளை நடனத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர். நடனம் என்றதும் சலங்கையை நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் உழவர் வீட்டுக் கொண்டாட்டங்களில் ஆடுகிற பழைய ஆட்டங்கள். அதற்கென்று ஒரு கழகம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவார்கள். நான்கு சோடிகள் சதுரமாக நிற்பார்கள். ஒலிநாடாவில் வயலின் ஓடும். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கைகோருங்கள், சுற்றுங்கள், குறுக்கே போங்கள், சோடியிடம் திரும்பி வாருங்கள் என்று தாளம் தப்பாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். அடுத்தது என்ன என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. சொல் காதில் விழுந்ததும் கால் போக வேண்டும். இதற்கு ஆட்டம் சொல்வது என்று பெயர். கழகம் தொடங்கிய அறுபதாம் ஆண்டிலிருந்து ஆட்டம் சொன்னவர் மேவிஸ்தான்.

குணவதி சேலைக்குக் கீழே கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனாள். இரண்டாம் கிழமையே பிழை கண்டுபிடித்துவிட்டாள். சதுரத்துக்கு எட்டுப் பேர் வேண்டும். ஒக்லாந்து மழையில் எந்தச் சனிக்கிழமை ஆட்கள் எட்டின் மடங்கில் வந்தார்கள்? ஒரு நாள் ஐந்து பேர், ஒரு நாள் பதினொரு பேர். மிச்சமானவர்கள் சுவர் ஓரமாகக் கதிரையில் இருந்து, தேத்தண்ணீர்க் கோப்பையோடு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குணவதியால் இதைப் பொறுக்க முடியவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மீதி வருகிற கணக்கு அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் கழித்துவிட்ட பட்டன்களைப் பொறுக்கி வந்து குசினி மேசையில் பரப்பினாள். இரண்டு ஓட்டைப் பட்டன் பெண், நாலு ஓட்டைப் பட்டன் ஆண். ஐந்து பேருக்கு ஒரு அமைப்பு, ஏழு பேருக்கு ஒன்று, ஒன்பது பேருக்கு மூன்று வரிசையில் மும்மூன்றாக ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினொரு பேர் ஆட்டம்: வெளியே நான்கு சோடி சதுரம், அதற்குள்ளே மூன்று பேர் முக்கோணம். ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே நின்ற மூவர் வெளியே போவார்கள், வெளியே நின்ற மூவர் உள்ளே வருவார்கள். கடைசிச் சுற்று முடியும்போது பதினொரு பேரும் புறப்பட்ட அதே இடத்தில் நிற்பார்கள். மேவிஸ் அதை முதல்முறை பார்த்துவிட்டு, "இப்படி ஒரு அமைப்பை நான் எந்த ஊரிலும் கண்டதில்லை" என்று மைக்கை அவள் கையில் கொடுத்தார். அது எழுபத்தொன்பதில்.

மேடையில் நின்று அவள் சொல்ல, கீழே இருபது பெரிய மனிதர்கள் திரும்பினார்கள். நில் என்றால் நின்றார்கள். வகுப்பறையை விட்டு வந்த பிறகு யாரும் அவள் சொல் கேட்டு இப்படித் திரும்பியதில்லை, புருஷன் உட்பட. ஐந்து வருஷம் அந்த மேடை அவளுடையதாக இருந்தது. கிழமை முழுக்கப் பட்டன் தைத்ததெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இரத்தினசிங்கம்தான் கழகத்தின் செயலாளர். "வீட்டுக்குள்ளை இருந்து யோசிச்சுக்கொண்டிராமல் வாங்கோ" என்று வந்தவர்களையெல்லாம் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தார்கள். குணவதியின் ஒழுங்கு அங்கேதான் குலைந்தது.

இந்த ஆட்டங்களில் ஆணுக்கு வலப்பக்கம் பெண் நிற்க வேண்டும். நம்முடைய ஆட்களுக்கோ தாலி ஏறும் வரைதான் பெண் வலப்பக்கம். தாலி ஏறியதும் எழும்பி இடப்பக்கம் மாறி இருந்தால், பிறகு கோயிலானாலும் படம் எடுத்தாலும் ஆயுள் முழுக்க இடப்பக்கம்தான். ஆட்டத்துக்கு நில்லுங்கள் என்றாலும் கால் தானாக அங்கேதான் போனது. "வலக்கைப் பக்கம் நிற்பவரைச் சுற்றுங்கள்" என்று குணவதி சொன்னால், பக்கத்துச் சோடிக்காரன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு முழித்தார்கள்.

"அன்னபாக்கியம் அக்கா, வலப்பக்கம்! வலப்பக்கம் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

அன்னபாக்கியத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் அசையவில்லை. "இஞ்சை பார் பிள்ளை, முப்பத்தாறு வருஷமா இந்த மனிசன்ரை இந்தப் பக்கம்தான் நிக்கிறன். அந்தப் பக்கம் போய் நிண்டா ஆரோ ஒருத்தன்ரை பெண்சாதி மாதிரிக் கிடக்கு."

அவருடைய கணவர் நவரத்தினம் தலையை ஆட்டினார். "எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு, ரீச்சர்."

ரீச்சர் விடவில்லை. தரையில் சோக்கட்டியால் கீறினாள். பெண்களின் வலக்கையில் சிவப்பு நூல் கட்டினாள். முழங்காலில் நிறுத்தாத குறைதான். மாதக்கணக்கில் கத்தியும் பாட்டுத் தொடங்கியதும் மனைவிமார் எல்லோரும் இடப்பக்கம் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இந்த நேரத்தில்தான், எண்பத்து நாலு மாசியில், ரதிதேவி வந்தாள். கொழும்பில் பன்னிரண்டு வருஷம் ரெலிபோன் இணைப்பகத்தில் வேலை செய்தவள். கலவரத்தில் வெள்ளவத்தை வீடு தூணும் சுவருமாக நின்றது, மற்றதெல்லாம் சாம்பல். அவளும் கணவர் சோதிலிங்கமும் உடுத்த உடுப்போடு அகதி முகாமுக்குப் போய், பிறகு இங்கே வந்தார்கள். ஊரே ஓடிப்போய் உதவியது. மேவிஸ் கம்பளிப் போர்வை கொடுத்தார். அன்னபாக்கியம் சட்டி பானை கொடுத்தார். அவளைக் கண்டதும் எல்லோருக்கும் தலை ஒரு பக்கம் சரிந்துவிடும். "எப்பிடியம்மா இருக்கிறீர்?" என்று குரல் இழுபடும். பிறகு எத்தனை பேர் வந்தவங்கள், எந்தப் பக்கத்தால் கொளுத்தினவங்கள், நகை ஏதும் மிஞ்சினதோ என்று கேட்பார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வாள். குணவதியும் தன் பங்குக்கு ஒரு மழைக் கோட் கொடுத்தாள். நல்ல கோட்தான்.

ஆனி மாதம் குணவதிக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்துப்போனது. மேவிஸுக்கும் குரல் சரியில்லை. "ஆர் சொல்லுறது?" என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்க, ரதிதேவி மெல்லக் கையை உயர்த்தினாள். "நான் பார்த்து எழுதி வைச்சிருக்கிறன். ஒருக்கால் சொல்லிப் பாக்கட்டே?"

குணவதி கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு சுவர் ஓரம் இருந்தாள். ஐந்து நிமிஷத்தில் விழுந்து எழும்புவாள் என்று நினைத்தாள். சந்தோஷமாகவே நினைத்தாள். ரதிதேவி மேடையில் ஏறி எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள். அன்னபாக்கியம் வழமைபோல் இடப்பக்கம். நவரத்தினம் வழமைபோல் முழிப்பு. ரதிதேவி மைக்கில் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இன்றைக்கு எல்லா மனைவிமாரும் கணவருக்கு இடப்பக்கம் நில்லுங்கள். வெள்ளைக்காரரும்தான்."

மேவிஸின் ஆட்கள் சிரித்துக்கொண்டு இடம் மாறினார்கள். அதற்குப் பிறகு வலம் என்று சொல்ல வேண்டிய போதெல்லாம் இடம் என்றாள். இடம் என்று சொல்ல வேண்டிய போதெல்லாம் வலம். முழு ஆட்டத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டுவிட்டாள். அன்னபாக்கியம் முதல்முறையாகத் தன் சொந்தப் புருஷனைச் சுற்றினார். ஒரு இடத்திலும் முட்டுப்படவில்லை. குரல் என்றால் அப்படி ஒரு குரல்: பதற்றமில்லை, அவசரமில்லை, ஒவ்வொரு சொல்லும் கையில் எடுத்துத் தருவதுபோலத் தெளிவு. ஆட்டம் முடிந்ததும் மண்டபம் அதிர்ந்தது.

குணவதிக்கு நெஞ்சு எரிந்தது. தடிமன் அல்ல. கண்ணாடித் திருப்பம்! பன்னிரண்டு வருஷம் கரும்பலகையில் அவள் கீறிக் காட்டிய பாடம். எட்டாம் வகுப்புப் பாடம். மாதக்கணக்கில் நூல் கட்டினாளே தவிர, ஆட்களை விட்டுவிட்டு ஆட்டத்தைத் திருப்பலாம் என்று அவளுடைய மூளைக்கு எட்டவில்லை. ரெலிபோன் பெட்டிக்கு முன்னால் இருந்தவளுக்கு எட்டியது.

வீடு எரிந்து வந்தவளிடம் பொறாமைப்பட முடியுமா? முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை குரல் திரும்பி வந்தது. குணவதி மேடையில் ஏறினாள். "இண்டைக்கு ரதி சொல்லேல்லையோ?" என்று நவரத்தினம் கீழே நின்று அப்பாவியாகக் கேட்டார். அவரை அந்த இடத்திலேயே கதிரையால் அடித்திருக்கலாம். பிறகு ஒரு கிழமை அவள், ஒரு கிழமை இவள் என்று ஆனது. குணவதிக்குக் கைதட்டும்போது பரிசளிப்பு விழாவில் தட்டுவதுபோல ஒழுங்காகத் தட்டினார்கள். ரதிதேவிக்குத் தட்டும்போது சிரித்துக்கொண்டு தட்டினார்கள். தொழிற்சாலையில் ஊசி ஏறி இறங்க, குணவதி இந்த வித்தியாசத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு சட்டையில் மேலிருந்து கீழ்வரை பட்டனை மாறித் தைத்துவிட்டு, அதற்கும் மனதுக்குள் ரதிதேவியைத்தான் திட்டினாள்.

யாரிடம் போய்ச் சொல்வது? வேறு யாராவது என்றால் நாலு பேரிடம் குறை சொல்லலாம். இவளைப் பற்றி வாய் திறந்தால், "பாவம், எல்லாத்தையும் இழந்திட்டு வந்ததுகள்" என்று கண்ணைத் துடைப்பார்கள். கடைசியில் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"அவவுக்கு இடம் வலம் தெரியாது. எல்லாத்தையும் மாறித்தான் சொல்லுறா."

இரத்தினசிங்கம் பேப்பரை இறக்கவில்லை. "தெரியாமலோ ஒண்டு விடாமல் மாத்திச் சொல்லுறா?"

அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணீர் ஆறித்தான் வந்தது.

எண்பத்தைந்து கார்த்திகையில் கழகத்துக்கு வெள்ளிவிழா. பிளாக்ஹவுஸ் பேயில் பெரிய மண்டபம் எடுத்திருந்தார்கள். ஹமில்டனிலிருந்தும் புக்கெகோஹியிலிருந்தும் வேறு கழகங்கள் வரப்போகின்றன. மேவிஸுக்கு எழுபது நெருங்கிவிட்டது, குரலும் போய்விட்டது. ஆட்டம் சொல்பவர் என்ற பதவி மட்டும் பெயரளவில் இன்னும் அவரிடம்தான் இருந்தது. "அன்றைக்கு என்னுடைய இடத்தை ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கப்போகிறேன். இனிமேல் கழகத்துக்கு ஆட்டம் சொல்வது அவர்தான்" என்று அறிவித்தார். யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. இருந்தது இரண்டு பேர்தான். மேடை இனி ரதிதேவிக்கா, குணவதிக்கா?

கமிட்டியில் மூன்று பேர்: மேவிஸ், ரொன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர், இரத்தினசிங்கம். கூட்டம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த விதத்திலேயே குணவதிக்கு விளங்கிவிட்டது. சப்பாத்தைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்தார்.

"கழகத்தின்ரை ஆட்டமா உம்மடை பதினொரு பேர் ஆட்டத்தைத்தான் எடுத்திருக்கு" என்றார்.

"ஆர் சொல்லுறது?"

"புதுசா ஒரு முடிப்பும் வேணுமாம். நீர்தான் செய்து தரவேணும் எண்டு மேவிஸ் ஆசைப்படுறா."

"ஆர் சொல்லுறது எண்டு கேட்டனான்."

"முக்கோணத்துக்குள்ளை நிக்க உம்மை விட்டா ஆள் இல்லையெண்டு..."

"ரதியோ?"

அவர் மற்றச் சப்பாத்தைக் கழற்றினார். "ஓம்."

"நீங்கள் கையை உயர்த்தினனீங்களோ?"

"மூண்டு பேரும்தான் உயர்த்தினது, குணம். ஆட்டம் உம்மடைதானே. அவ சும்மா சொல்லத்தானே போறா."

"சமைச்சவள் குசினிக்குள்ளை நிக்க, பரிமாறினவளுக்கோ கைதட்டு? நல்ல கதை! கட்டின புருஷன்! கோதாரி விழுந்த கமிட்டி!"

இரத்தினசிங்கம் பின்வளவுக்குப் போய், வெட்டத் தேவையில்லாத புல்லை வெட்டினார்.

முடிப்பு என்றால் ஆட்டத்தின் கடைசிச் சுற்று. அதை ஆடுகிறவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது கழகத்தின் வழக்கம். தெரியாத ஒன்றைச் சொல்லாலேயே ஆடவைப்பதுதான் சொல்கிறவரின் திறமை. ஆகவே ஒத்திகை பார்த்ததெல்லாம் முடிப்பு இல்லாத ஆட்டம்தான். முடிப்பை எழுதி ரதிதேவியிடம் கொடுப்பது குணவதியின் வேலை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவள் செய்ததிலேயே அழகான முடிப்பு அது. வெளியே எட்டுப் பேரும் வலமாக ஓட, உள்ளே மூவரும் இடமாக ஓடி, ஒரே தாளத்தில் மூவரும் வெளியே பாய, அந்த இடைவெளியால் மூவர் உள்ளே பாய்வார்கள். எதிரே வருகிறவரை இடத்தோள் பக்கமாக விட்டுப் போனால் கத்தரித்த மாதிரி விலகிப் போகலாம். வலத்தோள் பக்கமாகப் போனால் நேருக்கு நேர் முட்டுவார்கள்.

வியாழக்கிழமை பின்னேரம் ரதிதேவி வந்தாள். அந்த மழைக் கோட்டைத்தான் போட்டிருந்தாள். "அக்கா, முடிச்சிட்டீங்களோ?"

"இரும். எழுதித் தாறன்."

குணவதி பட்டன்களை மேசையிலிருந்து வழித்து டப்பாவுக்குள் போட்டாள், அவள் பார்க்காதபடி. கடதாசியை எடுத்து வரிவரியாக எழுதினாள். அந்த வரி வந்தது. பேனை ஒரு கணம் நின்றது. பிறகு "வலத்தோள்" என்று எழுதினாள். ஏன் பிழை வந்தது என்று யாராவது கேட்டாலும் பதில் இருந்தது: பெண்கள் வலப்பக்கம் நிற்கிற பழைய முறையில் அது வலத்தோள்தான், ரதிதேவியின் முறைக்குக் கண்ணாடி மாதிரி மாற்ற மறந்துபோனேன் என்று சொல்லலாம். யார் சந்தேகப்படுவார்கள்? எழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி இருந்தது.

ரதிதேவி வாசித்துப் பார்த்தாள். "நீங்கள் எழுதித் தந்தா எனக்குப் பயமில்லை, அக்கா" என்று மடித்து வைத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பதினொரு பேரும் இறங்கினார்கள். முக்கோணத்தில் குணவதி, ரொன், சோதிலிங்கம். சதுரத்தில் அன்னபாக்கியமும் நவரத்தினமும், இரத்தினசிங்கமும் மேவிஸின் மகளும், இன்னும் இரண்டு சோடி. வயலின் தொடங்கியது. சதுரத்துக்குள் முக்கோணம் திரும்புவதைக் கண்ட ஹமில்டன்காரர்கள் கதிரையை விட்டு எழும்பி நின்றார்கள். "இதை யார் அமைத்தது?" என்று யாரோ கேட்டது குணவதியின் காதில் விழுந்தது. பதிலும் விழுந்தது: "அதோ மேடையில் நிற்கிறாரே, அவராக இருக்கும்." கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அதோடு போனது.

கடைசிச் சுற்று வந்தது. "வெளியே பாயுங்கள், வலத்தோளால்" என்று அந்தத் தெளிவான குரல் சொன்னது.

எல்லோரும் சொன்னதைச் செய்தார்கள். குணவதியும் செய்தாள். ரொன் நவரத்தினத்தின் நெஞ்சில் மோதினார். சோதிலிங்கம் மேவிஸின் மகளின் காலை மிதித்தார். இரத்தினசிங்கத்தின் கண்ணாடி பறந்தது. அன்னபாக்கியம் ஒரு வெள்ளைக்காரனின் கக்கத்துக்குள் போய் நின்று, "ஐயோ, என்ரை மனிசன் எங்கை?" என்று கத்தினார். இருநூறு பேரும் சிரித்தார்கள். அந்தக் கணத்தில் குணவதிக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல சந்தோஷமாகத்தான் இருந்தது.

ரதிதேவி ஒலிநாடாவை நிறுத்தினாள். கடதாசியைப் பார்த்தாள். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு, இணைப்பகத்தில் பேசுகிற அதே குரலில் மைக்கில் சொன்னாள்: "மன்னிக்க வேண்டும். என்னுடைய பிழை. இணைப்பு மாறிவிட்டது. தயவுசெய்து காத்திருங்கள், இப்போது சரியாக இணைக்கிறேன்."

மண்டபம் வெடித்தது. சிரிப்பும் கைதட்டும் விசிலும் அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அவள் மறுபடி ஒலிநாடாவைப் போட்டாள். கடைசிச் சுற்று வந்தது. "இடத்தோளால்" என்றாள், கடதாசியைப் பார்க்காமலே. மூவர் வெளியே போனார்கள், மூவர் உள்ளே வந்தார்கள், பதினொரு பேரும் புறப்பட்ட இடத்தில் நின்றார்கள். பிழை வந்ததைப் பார்த்த பிறகு சரியாக நடந்ததால், அது எவ்வளவு கஷ்டமான ஆட்டம் என்று இருநூறு பேருக்கும் விளங்கியது. பிழை வராமலே போயிருந்தால் பாதிக் கைதட்டுத்தான் வந்திருக்கும். குழி வெட்டினவள் அதில் மாவிலைத் தோரணமும் கட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. மேவிஸ் மேடையேறி ரதிதேவியின் கையைப் பிடித்து உயர்த்தினார். "இனி எங்கள் கழகத்துக்கு ஆட்டம் சொல்வது இவர்தான்."

குணவதியும் கைதட்டினாள். எல்லோரும் பார்க்கிறார்களே, தட்டாமல் என்ன செய்வது?

தேத்தண்ணீர் முடிந்ததும் கோப்பைகளை அள்ளிக்கொண்டு குசினிக்குள் போனாள். முகத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நிற்க அதுதான் வசதியான இடம். நாலு கோப்பை கழுவியிருப்பாள், ரதிதேவி வந்து பக்கத்தில் நின்று துடைக்கத் தொடங்கினாள்.

"அக்கா, நேற்றுப் பயறும் கடலையும் வைச்சு உங்கடை முடிப்பைச் செய்து பார்த்தனான். முட்டுப்பட்டுது. இவரிட்டை முடிப்பைச் சொல்லாமல், அக்கா எழுதினதிலை பிழை வருமோ எண்டு மட்டும் கேட்டன். 'அவ கணக்கு ரீச்சர், பிழை விடமாட்டா, உமக்குத்தான் விளங்கேல்லை' எண்டார். அதுதான் நீங்கள் எழுதினபடியே சொன்னனான்."

குணவதி கோப்பையைத் தேய்த்தாள்.

"பழைய பழக்கத்திலை மாத்த மறந்திட்டீங்கள் போலை, என்ன?"

குணவதி தப்பிக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டாள். ஓம் என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைத்தானே வியாழக்கிழமையே ஆயத்தமாக வைத்திருந்தாள்? ஆனால் அது வாயில் வர மறுத்தது. மறந்தேன் என்றால் பிழை விட்டேன் என்று அர்த்தம். பட்டன் வைத்துக் கணக்குப் போட்ட ஆட்டத்தில் குணவதி பிழை விட்டாள் என்று அர்த்தம். அதை இவளிடமா ஒப்புக்கொள்வது?

"மறக்கேல்லை" என்றாள். "நான் பிழை விடுறேல்லை. வேணுமெண்டுதான் எழுதினனான்."

ரதிதேவி கையை நீட்டிக் குழாயைப் பூட்டினாள். "ஏன், அக்கா?"

"ஏனோ? ஐஞ்சு வருஷம் நான் நிண்ட இடத்திலை ஒரு நாளிலை வந்து ஏறினீர். மாசக்கணக்கா என்னாலை திருப்பேலாத சனத்தை ஒரு சொல்லிலை திருப்பினீர். எனக்குத் தெரிஞ்ச பாடம், எனக்கு வரேல்லை, உமக்கு வந்துது. இண்டைக்கு விழுத்திப் பார்த்தன், விழுந்தும் எழும்பிக் கைதட்டு வாங்கினீர். பொறாமை! எரியிறன்! போதுமோ?"

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெயரை அவள் தன் வாயால் சொன்னாள். சொன்ன பிறகுதான், எரிகிறேன் என்று யாரிடம் சொல்கிறாள் என்பது உறைத்தது. கழுவி முடித்த கோப்பையையே மறுபடி தேய்த்தாள்.

ரதிதேவி சிரித்தாள். குத்தலாக அல்ல. கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத்தான் கதைத்தாள்.

"இருபத்தொரு மாதமா இந்த ஊரிலை எல்லாரும் என்னைப் பார்த்து இரக்கப்படுகினம். சட்டி தருகினம், போர்வை தருகினம், தலையைச் சரிச்சுக்கொண்டு கதைக்கினம். நல்ல சனங்கள்தான், குறை சொல்லேல்லை. ஆனா என்னட்டை ஒண்டும் மிஞ்சேல்லை எண்டபடியாத்தானே அந்த இரக்கம்? எப்பிடிக் கொளுத்தினவங்கள் எண்டு நீங்கள் மட்டும்தான் என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை. போன வருஷம் ஆனி தொட்டு முறைச்சு முறைச்சுப் பார்த்தீங்கள். நான் வீட்டை போய் இவரிட்டைச் சொல்லுவன்: இஞ்சை பாருங்கோ, என்னட்டையும் ஏதோ இருக்குது, குணவதி அக்காவுக்கு அது பொறுக்கேல்லை எண்டு."

மன்னிப்புக் கேட்பதற்காகத்தான் குணவதி வாயைத் திறந்தாள். ஆனால் இந்தக் கதையைக்கூட இவள் எவ்வளவு நன்றாகக் கதைக்கிறாள் என்ற எரிச்சல் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"எனக்கு இன்னும் பொறாமைதான்" என்றாள்.

ரதிதேவி அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கித் துடைத்தாள்.

"இருக்கட்டும், அக்கா. விட்டிடாதேங்கோ."